ஹட்டன் கணித டியூஷன்: சேருடைய கைகளுக்காகவே அனுப்பலாம்

மகன் தரம் 4, மகள் தரம் 7, இரண்டு பேரையும் ஹட்டன் டவுனில் ஒரே சேரிடம்தான் கணிதத்துக்கு விட்டிருக்கிறேன். இடம் சின்னது, வாங்குகள் நெருக்கம், மழை பிடித்தால் தகரத்துச் சத்தத்தில் பின்வாங்குக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் வேறு வகுப்புக்கு மாற்ற எனக்கு மனசில்லை, காரணம் அந்தச் சேர் கையால் பாடம் நடத்துகிற விதம்.

சின்னவன் வகுப்பில் பலகையில் 3 + 4 + 5 = __ + 5 என்று இருந்தது. கோட்டில் என்ன வரும் என்றால் பிள்ளைகள் 12 என்பார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சேர் இடது கையை இடப்பக்கம் முழுக்க அடியில் இழுத்துக் காட்டினார், வலது கையை வலப்பக்கத்துக்கு அதே மாதிரி, இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும் என்று. அப்புறம் இரண்டு விரலை விரித்து 3க்கும் 4க்கும் கீழே வைத்து, ஒரு விரலாக்கிக் கோட்டைத் தொட்டார். 7 என்று பிள்ளைகளே கத்திவிட்டார்கள். அதோடு விடாமல் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பிச் செய்யச் சொல்கிறார்.

இது வெறும் பழக்கம் இல்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் சூசன் கோல்டின்-மெடோவும் அவரோடு வேலை செய்தவர்களும் இதே மாதிரிக் கணக்கை வைத்துத்தான் பல வருடம் ஆராய்ந்தார்கள். 2008இல் வந்த ஆய்வில், படிக்கும்போது தாங்களும் கையை அசைத்துக் காட்டிய பிள்ளைகளுக்குப் படித்தது நாலு வாரம் கழித்தும் நின்றது, வாயால் மட்டும் சொல்லிப் படித்தவர்களுக்கு அந்த அளவுக்கு நிற்கவில்லை. 2013இல் 7 முதல் 10 வயது வரையான 184 பிள்ளைகளுக்கு வீடியோவில் பாடம் நடத்திப் பார்த்தார்கள். கையசைவோடு பார்த்தவர்கள் நன்றாகச் செய்ததோடு மறுநாள் இன்னும் முன்னேறியிருந்தார்கள், பேச்சை மட்டும் கேட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

பெரியவளுக்குத் திசைகொண்ட எண்கள், அதாவது பிளஸ், மைனஸ் குறி போட்ட எண்கள். சேர் இரண்டு கையையும் விரித்து எண்கோடாக நிற்பார், ஆனால் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! முகம் பார்த்து நின்றால் அவருடைய வலது பிள்ளைகளுக்கு இடதாகிவிடும், நேர் எண்ணும் மறை எண்ணும் மாறிப்போகும். இதையெல்லாம் யோசித்துச் செய்கிற ஆசிரியர் கிடைப்பது லேசில்லை.

ஒரு பெரிய குறை, மழைக்காலத்தில் வகுப்பை ஸூமுக்கு மாற்றினால் ஸ்லைட் மட்டும்தான் திரையில் நிற்கிறது, சேருடைய கை தெரிவதே இல்லை. நேரில் பாதி பாடம் கையில் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு அதே காசு வாங்குவது சரியில்லை. கேமராவைப் பலகைப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் செய்யவில்லை. புதிதாகச் சேர்க்கிறவர்கள் நேரில் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், நேரத்தோடு போய் முன்வாங்கு பிடிக்கச் சொல்லுங்கள், ஸூமுக்கு மட்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.