60 கிரீடத்துக்குப் பணம் கட்டினேன், ஒரு கல்கூட வரவில்லை

18,600 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று இரவு முழுக்கத் தூங்கவிடாமல் மண்டைக்குள் ஓடியது அதுதான். பிள்ளைகளுக்குக் கைவினை வகுப்பு, பிறந்தநாள் நிகழ்ச்சி என்று நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்துத் தப்பித்தால் போதும்.

குன்னூரில் நான்கு வருடமாக மே மாதத்தில் ‘இளவரசி வகுப்பு’ நடத்துகிறேன். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள், இரண்டு மணி நேரம். ஒரு ராணி கதை சொல்வேன். அப்புறம் அவரவர் கிரீடத்தை அவரவரே வெட்டி, கல் ஒட்டி, ரிப்பன் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். போன வருடம் வேலு நாச்சியார் கதை சொன்னதில் பையன்களும் வாள் செய்யணும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வருடம் இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றுக்கும் 30 பிள்ளைகள், தலைக்கு 750 ரூபாய். தேயிலை பறிக்கப் போகிற ஓர் அம்மா அந்த 750-ஐ இரண்டு தவணையாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

கடையைப் பிடித்தது ஒரு படம் பகிரும் செயலியில். பெயர் சொல்லப் போவதில்லை. சென்னை சௌகார்பேட்டையில் மொத்த வியாபாரம் என்று போட்டிருந்தார்கள். கிளிட்டர் ஃபோம் ஷீட், நெட் துணி, சாட்டின் ரிப்பன், பைப் கிளீனர், மந்திரக்கோல் குச்சி எல்லாம் ஒரே பையில் போட்டு ஒரு பிள்ளைக்கு ஒரு செட். மாதிரிக்கு இரண்டு செட் கேட்டேன். செயலி வழியாகவே பணம் கட்டினேன், ஐந்தாம் நாள் வந்துவிட்டது. நல்ல சரக்கு. என் மகள் அன்று இரவு கிரீடத்தோடுதான் தூங்கினாள்.

நான் ஏமாந்த இடம் அதற்கு அடுத்தது. இந்த ஊரில் கிரீடம் செய்கிறவர்களுக்குத் தெரியும், பசைதான் பெரிய பாடு. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் வெள்ளைப் பசை இரண்டு மணி நேரத்தில் காயாது. பிள்ளை வாசலைத் தாண்டுவதற்குள் கல் ஒவ்வொன்றாக உதிரும், அழுகை ஆரம்பித்துவிடும். சூடான பசைத் துப்பாக்கியைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. அந்தக் கடைக்காரர் வீடியோ காலில் வந்து, “அக்கா, உங்க ஊர்ல குளிரு, பசை காயாது. பின்னாடி ஸ்டிக்கர் வெச்ச கல்லே போட்டு அனுப்புறேன். என் பொண்ணுக்கும் ஆறு வயசுதான்க்கா” என்றார். பக்கத்தில் ஒரு குழந்தை கிரீடம் வைத்துக்கொண்டு கைகூட ஆட்டியது. அவ்வளவுதான், நான் நம்பிவிட்டேன். தொழில் தெரிந்த மனுஷன், குழந்தைகள் மேல் அக்கறை உள்ளவர் என்று நினைத்துவிட்டேன். இப்போது பழைய செய்திகளைத் திரும்பப் படித்தால், பசை காயாது என்பதை ஒரு வாரம் முன்பு நானே அவருக்கு எழுதியிருக்கிறேன். என் வார்த்தையை எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

“ஆப்ல கட்டினா கமிஷன் போயிடும். நேரா அனுப்புங்க, அந்தக் காசை உங்களுக்கே குறைச்சுத் தர்றேன்” என்றார். செட் 345 என்று சொன்னதை 310 ஆக்கினார். 60 செட், 18,600. பாதி முன்பணம் என்று 9,300 அனுப்பினேன். இருபது நிமிடத்தில் மறுபடி அழைப்பு. சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது, இன்னொரு பார்ட்டி கேட்கிறார்கள், மீதியையும் போட்டால் இன்றைக்கே பேக்கிங். அதையும் போட்டேன். பணம் போன கணக்கில் கடைப் பெயர் இல்லை, வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. கேட்டேன். “அது எங்க கணக்குப்பிள்ளைக்கா” என்றார். கேட்டுவிட்டும் அனுப்பியிருக்கிறேன் பாருங்கள்.

அதற்கப்புறம் சாக்கு மேல் சாக்கு. பார்சல் கோயம்புத்தூர் வந்துவிட்டது. பிறகு மேட்டுப்பாளையத்தில் நிற்கிறது, மலைப்பாதையில் மண்சரிவு. நான் இந்த மலையிலேயே இருக்கிறேன். அன்றைக்குப் பளீரென்று வெயில், பர்லியாறு வழியாகச் சுற்றுலா வண்டி வரிசையாக ஏறிக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னதும், வண்டி மலையேறுவதற்கான இ-பாஸ், அதாவது இணைய அனுமதி, கிடைக்கவில்லையாம். 2024 மே மாதத்திலிருந்து இங்கே இ-பாஸ் இருப்பது உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்கு அன்றைக்கும் கூரியர் வந்ததே! கண்காணிப்பு எண் கேட்டு வாங்கி, குன்னூர் பெட்ஃபோர்டில் இருக்கிற கூரியர் ஆபீசுக்கு நடந்து போனேன். அங்கே இருந்த பையன் பார்த்துவிட்டு, “இது எங்க நம்பரே இல்லக்கா” என்று மெதுவாகச் சொன்னான். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவருடைய போன் அணைந்து கிடக்கிறது. செயலிக்குப் புகார் எழுதினேன். வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதில், மூன்று தடவை, ஒரு எழுத்துகூட மாறாமல். செயலியில் அந்தக் கடையின் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதே கிரீடப் படங்களோடு. இன்று காலைகூடப் பார்த்தேன்.

அவர் அனுப்பிய பில்லை ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் என் கொழுந்தனிடம் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். “அண்ணி, ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33. இது 07, டெல்லி” என்றார். இணையத்தில் அந்த எண்ணைப் போட்டால் வேறொரு கடையின் பெயர் வருகிறது. ஒரு நிமிட வேலை. 18,600 ரூபாய் அனுப்பும் முன் அந்த ஒரு நிமிடம் எனக்குத் தோன்றவில்லை.

இணைய மோசடிகளுக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். ஆனால் நான் அழைத்தது ஒன்பதாம் நாள். உடனே சொல்லியிருந்தால் பணம் வேறு கணக்குக்குப் போகும் முன் முடக்கப் பார்த்திருக்கலாமாம். ‘நாளைக்கு வந்துவிடும்’ என்று அவர் சொன்ன ஒவ்வொரு நாளும் எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது.

எப்படிக் கடை பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது நேரமில்லை. செயலிக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். மாதிரி நன்றாக வந்தது என்பதை நம்பாதீர்கள், அது தூண்டில் புழு. கணக்குப் பெயரும் கடைப் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பில் வந்தால் ஜிஎஸ்டி எண்ணைச் சரிபாருங்கள். சந்தேகம் வந்த அன்றே 1930, ஒன்பது நாள் காத்திருக்காதீர்கள்.

முதல் வகுப்பு நாளை மறுநாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கித் தங்க நிறச் சார்ட் அட்டையும் ரெட்டைப் பக்க டேப்பும் வாங்கப் போகிறேன். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் யாரிடமாவது பழைய சேலை பார்டர், தையல் கடையில் மிச்சமான நெட் துணி, பின்னால் ஸ்டிக்கர் உள்ள கல் இருந்தால் நாளை இரவுக்குள் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.