2008–09 தொடுதிரை போன்கள்: ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஒன்றே போதுமா?

ஆபீஸ் மெயில், மீட்டிங் நேரம், பாட்டு, போட்டோ எல்லாம் ஒரே போனில் வேண்டும், அதுவும் தொடுதிரையில் வேண்டும் என்று 2008 கடைசியிலோ 2009-லோ யாராவது தேடியிருந்தால், அவர் முன்னால் இருந்தவை ஐபோன் 3ஜி, பிளாக்பெர்ரி ஸ்டார்ம், எச்டிசி டச் ப்ரோ, நோக்கியா 5800, முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1, கொஞ்சம் பிந்தி வந்த பாம் ப்ரீ. இன்றைக்கு எந்த இரண்டு போனைப் பக்கத்தில் வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு அப்படியில்லை. பட்டனை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு விடை வைத்திருந்தது. அதனால் பிராசசர் வேகத்தையும் மெகாபிக்சலையும் மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் பாதிதான் புரியும். ஆபீஸ் மெயிலை நீங்கள் போனில் படித்து மட்டும் வைப்பவரா, போனிலேயே நீளமாகப் பதில் எழுதுகிறவரா? என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் திரை. ஐபோனிலும் ஜி1-லும் இருந்தது விரலின் மின்தன்மையை உணரும் கெப்பாசிடிவ் திரை; லேசாகப் பட்டாலே போதும். டச் ப்ரோவிலும் 5800-லும் இருந்தது ரெசிஸ்டிவ் திரை. மேலே இருக்கும் மெல்லிய படலம் அழுந்திக் கீழ் அடுக்கைத் தொட்டால்தான் அதற்குத் தெரியும். இதில் ஒரு நன்மை உண்டு: கையுறையோடு தட்டலாம், நகத்தாலும் தட்டலாம், குச்சியை (ஸ்டைலஸ்) வைத்துக் கையெழுத்தும் போடலாம். ஆனால் ஒரு நீண்ட மெயிலை விரலால் மேலே தள்ளிப் படிக்கும்போது, அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் நகர்வது நின்றுவிடும், சில சமயம் நாம் தொட நினைக்காத இணைப்பு திறந்துகொள்ளும். 5800-ஐ இயக்கிய சிம்பியன் மென்பொருளில் இன்னொரு தொல்லை: மெனுவில் ஐகானை ஒருமுறை தொட்டால் திறக்கும், உள்ளே பட்டியலுக்குப் போனால் ஒருமுறை தொட்டால் தேர்வு மட்டும்தான், திறக்க இன்னொருமுறை தொட வேண்டும். ஒரே போனுக்குள் இரண்டு வழக்கம். பட்டன் போனுக்காக எழுதிய மென்பொருளின் மேல் தொடுதிரையைப் பொருத்தினால் இப்படித்தான் ஆகும். டச் ப்ரோவும் அதே கதைதான், எச்டிசி போட்ட டச்ஃப்ளோ முகப்பு அழகாக இருக்கும், அதைத் தாண்டி இரண்டு படி உள்ளே போனால் குச்சி இல்லாமல் தொட முடியாத சின்னஞ்சிறு பெட்டிகளோடு மைக்ரோசாஃப்டின் போன் மென்பொருளான பழைய விண்டோஸ் மொபைல் உட்கார்ந்திருக்கும்.

ஸ்டார்ம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபீஸ்காரர்கள் அதிகம் எதிர்பார்த்தது அதைத்தான். 2008 நவம்பரில் வந்தது. முழுத் திரையே ஒரு பட்டன்! எழுத்தின் மேல் விரலை வைத்தால் அது ஒளிரும், அழுத்தினால் திரை 'டக்' என்று கீழே இறங்கி எழுத்து விழும். எண்ணம் நல்ல எண்ணம், கண்ணாடியில் தட்டும்போது கைக்கு எதுவும் தெரியவில்லை என்ற உண்மையான குறைக்குத் தேடிய மருந்து அது. ஆனால் திரைக்கு அடியில் இருந்தது ஒரே ஒரு ஸ்விட்ச். ஒரு எழுத்தை அழுத்தி, திரை மேலே வந்த பிறகுதான் அடுத்த எழுத்து. இரண்டு கட்டைவிரலாலும் வேகமாகத் தட்டிப் பழகிய பிளாக்பெர்ரிக்காரருக்கு, ஒரு விரல் எழும்புமுன் அடுத்தது இறங்குவதுதான் பழக்கம். அந்த வேகத்தை இந்தத் திரை தாங்காது. போனை நேராகப் பிடித்தால் முழு விசைப்பலகையும் வராது, ஒரு விசைக்கு இரண்டு எழுத்து. போதாக்குறைக்கு வைஃபை இல்லை. 2009-ல் வந்த ஸ்டார்ம் 2-வில் வைஃபை சேர்த்தார்கள், திரைக்கு அடியில் இருந்த அமைப்பையும் மாற்றினார்கள், ஆனால் அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. அதே கம்பெனியின் போல்ட், தொடுதிரையே இல்லாத போன், எழுதுகிற வேலையில் ஸ்டார்மைவிட எல்லா வகையிலும் மேல்.

மெயில் வந்து சேர்வதில் மட்டும் பிளாக்பெர்ரியை யாரும் நெருங்கவில்லை. ஆபீஸ் சர்வரிலிருந்து போன் வரை எல்லாமே மறையாக்கம் செய்து, அதாவது வேறு யாரும் படிக்க முடியாத ரகசியக் குறியாக மாற்றி, போகும், ஐடி பிரிவு நினைத்தால் எந்த போனையும் தூரத்திலிருந்தே பூட்டலாம், அழிக்கலாம். ஐபோன் 2008 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சோடு இணையும் வசதியோடு இந்தப் பக்கம் வந்தது, தூரத்திலிருந்து அழிக்கும் வசதியும் வந்தது. ஆனால் 3ஜி மாடலில் ஹார்டுவேர் மறையாக்கம், அதாவது போனுக்குள் இருக்கும் தகவலையே மறையாக்கும் வசதி, கிடையாது. 2009 செப்டம்பரில் ஐபோன் மென்பொருளின் 3.1 பதிப்பு வந்தபோது, மறையாக்கத்தைக் கட்டாயமாக்கிய சர்வர்களோடு பழைய ஐபோன்களால் இணையவே முடியாமல் போனது. அதுவரை சத்தமில்லாமல் இணைந்துகொண்டிருந்தவைதான் அவை. நேற்று வரை வந்த ஆபீஸ் மெயில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த வசதி இருந்த அடுத்த மாடலான 3ஜிஎஸ் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

எழுதுவது என்று வந்தால் ஐபோனுக்கு இன்னொரு கரும்புள்ளி. ஒரு மெயிலிலிருந்து முகவரியை எடுத்து இன்னொன்றில் ஒட்டுவது போன்ற சாதாரண வேலைக்கு 2009 ஜூனில் 3.0 பதிப்பு வரும் வரை வழியே இல்லை. விண்டோஸ் மொபைலில் அது ஆரம்பத்திலிருந்தே இருந்தது. டச் ப்ரோவில் பக்கவாட்டில் இழுத்தால் ஐந்து வரிசை விசைப்பலகை, எண்களுக்குத் தனி வரிசை, கூடவே வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறந்து திருத்தும் வசதி. ஐபோனோடு வந்ததில் அந்தக் கோப்புகளைப் படிக்க மட்டும்தான் முடியும். கனமான, தடிமனான போன்தான், ஆனாலும் பயணத்தில் ஒரு பட்டியலில் இரண்டு எண்களை மாற்றி அனுப்ப வேண்டியவருக்கு அதைவிட நல்லது இந்தக் கூட்டத்தில் இல்லை.

ஜி1-க்கும் நல்ல விசைப்பலகைதான். கூகுள் கணக்கில் வாழ்கிறவருக்கு மெயில், தொடர்புகள், காலண்டர் எல்லாம் தானாக ஒத்துப்போகும். ஆனால் ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் கிடையாது, அது ஆண்ட்ராய்டு 2.0-ல்தான் வந்தது. திரையில் தட்டும் விசைப்பலகையே 2009 ஏப்ரலில் வந்த 1.5-ல்தான், அதுவரை ஒரு வரி பதிலுக்கும் போனை இழுத்துத் திறக்க வேண்டும். பாம் ப்ரீயில் திறந்திருக்கும் வேலைகளைச் சீட்டுகளாக வரிசையில் பார்த்து, வேண்டாததை மேலே சுண்டி மூடலாம். எனக்கு இன்றும் பிடித்த வடிவமைப்பு அது. மென்பொருள்கள் கம்மி, பேட்டரியும் சுமார்தான்.

சரி, சொந்த உபயோகம்? இங்கே 5800-ஐத் தூக்கிப் பிடிக்கத்தான் வேண்டும். 8 ஜிபி மெமரி கார்டு பெட்டியிலேயே வந்தது, கழற்றி மாற்றும் பேட்டரி, சாதாரண ஹெட்போன் துளை, இரண்டு ஸ்பீக்கர், வீடியோ காலுக்கு முன்பக்க கேமரா. ஐபோன் 3ஜியில் வீடியோ எடுக்கவே முடியாது, கேமராவும் 2 மெகாபிக்சல்தான், பேட்டரியைக் கழற்ற முடியாது. ஜி1-ல் நேரடியாகச் செருக ஹெட்போன் துளைகூட இல்லை. இவ்வளவு இருந்தும் வலைப்பக்கம் பார்க்கும்போது எல்லாரும் ஐபோன் பக்கம்தான் சாய்ந்தார்கள், இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படிக்கும் சுகத்தைப் பாம் ப்ரீ தவிர மற்றவை தரவில்லை.

ஆக, 2009 கடைசியில் ஒரே போன்தான் என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால், மெயிலைப் படித்து மட்டும் வைப்பவர் என்றால் ஐபோன் 3ஜிஎஸ், விலைக்காக 3ஜியை எடுப்பதாக இருந்தால் மறையாக்கம் கட்டாயமா என்று ஆபீஸ் ஐடி பிரிவிடம் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லியிருப்பேன். கோப்புகளைத் திருத்தி நீளமாக எழுதுகிறவர் என்றால் டச் ப்ரோ. இரண்டு போன் சுமக்கத் தயார் என்றால் ஆபீஸுக்கு போல்ட், வீட்டுக்கு 5800. ஸ்டார்மை எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்க மாட்டேன்.