ஓடும் வண்டியில் குளிராத ஃப்ரிட்ஜ்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "உள்ளேயே தங்கிப் பயணம் போகிற பழைய மோட்டார்ஹோம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். உன் வண்டியில் இருக்கிற அதே ஃப்ரிட்ஜ்தான் அதிலும் இருக்கிறது. கேஸ், கரண்ட், பேட்டரி மூன்றிலும் ஓடுமாம். நம்பி வாங்கலாமா?" அதற்கு இரண்டு நாள் முன்புதான் என் ஃப்ரிட்ஜுக்குப் போகும் ஒயரை அடியோடு மாற்றி முடித்திருந்தேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது பாவம். நிறுத்திய இடத்தில் கேஸில் ஓடும்போது இந்த ஃப்ரிட்ஜுக்கு ஈடு கிடையாது. மோட்டார் இல்லை, கம்ப்ரசர் இல்லை, சத்தம் என்பதே இல்லை. ராத்திரி தலைமாட்டிலிருந்து இரண்டடி தூரத்தில் இருந்தாலும் அது ஓடுவதே தெரியாது. ஒரு சின்னச் சுடர் அடியில் எரிகிறது. அந்தச் சூட்டில் தண்ணீரிலிருந்து அம்மோனியா ஆவியாகிப் பிரிந்து, மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்கிறது. 1922-இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை. இன்றும் அடிப்படை மாறவில்லை. வண்டியை நான்கு நாள் ஒரே இடத்தில் போட்டிருந்தாலும் பேட்டரியைப் பற்றிக் கவலையே பட்டதில்லை. கீழே இருக்கிற சின்னக் கண்ணாடித் துளை வழியாக, தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தால் நீலமாக ஒரு பொட்டுச் சுடர் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் படுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

வண்டியைக் கிளப்பினால்தான் பிரச்சினை ஆரம்பிக்கும்.

ஓடும்போது கேஸ் குழாய் உடைந்தால் தானாக அடைத்துக்கொள்கிற வால்வு என் வண்டியில் இல்லை. அதனால் கிளம்பும் முன் சிலிண்டரை மூடிவிடுவேன். பெட்ரோல் பங்க்குக்குள் சுடரோடு நுழைகிற எண்ணமும் எனக்கு இல்லை. ஆக, ஓடும்போது 12 வோல்ட்தான் கதி. காலையில் 5 டிகிரியில் இருக்கும் ஃப்ரிட்ஜ், ஆறு மணி நேரம் ஓட்டி இறங்கினால் 13 டிகிரி காட்டும். நான்கு வருடமும் இதே கதை. உள்ளே தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துப் போட்டேன். முந்தின நாளே கரண்டில் மாட்டி முழு நாள் குளிர வைத்தேன். பின்பக்கச் சூட்டை வெளியே விடுகிற வென்ட்டில் சின்ன ஃபேன் வைத்தேன். அந்த ஃபேன் நிஜமாகவே உதவியது, வெயில் நாளில் இரண்டு டிகிரி குறைந்தது. ஆனாலும் சாயங்காலம் பால் திரிந்துதான் இருக்கும்.

இரண்டு தடவை ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இரண்டு தடவையும் "கூலிங் யூனிட் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்றார்கள். கேஸில் வைத்தால் அருமையாகக் குளிர்கிற யூனிட் எப்படிப் போயிருக்கும்? இந்தக் கேள்வியை அங்கேயே கேட்டேன், பதில் வரவில்லை. ஃப்ரிட்ஜின் பின்னால் ஒரு மீட்டரை வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியில் நானே பார்த்தேன். வெளிப்பக்க வென்ட்டைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஃப்ரிட்ஜ் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்தால் 10.6 வோல்ட். பேட்டரியில் அதே நேரம் 13.8. வழியில் மூன்று வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. ஒயரைத் தடவிக்கொண்டே முன்னால் போனேன். ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டதும் கையைச் சுட்டுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு பக்கம் இளகியிருந்தது, உள்ளே தகடு பச்சை பூத்திருந்தது. ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டிய கரண்ட் இங்கே சூடாகித் தீர்ந்துகொண்டிருந்தது. மீதியை 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் தின்றது. பேட்டரியிலிருந்து ஏழு மீட்டர், போக வர பதினான்கு. 12 வோல்ட்டில் சுடருக்குப் பதில் சூடு தருகிற, கிட்டத்தட்ட 14 ஆம்பியர் இழுக்கிற ஹீட்டருக்கு அந்த ஒயர் போதவே போதாது.

இதில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். 12 வோல்ட்டில் இந்த ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது வெறும் ஹீட்டர். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் சூடு அதைவிட வேகமாகக் குறையும், ஏனென்றால் வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது. 12 வோல்ட்டில் 170 வாட் தரவேண்டிய ஹீட்டர் 10.6-இல் 133 வாட்தான் தரும். புது ரிலே (கரண்டைத் தானாக இணைத்துத் துண்டிக்கிற சுவிட்ச்), புது ஹோல்டர், 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டேன். டெர்மினலில் இப்போது 13 வோல்ட் வருகிறது, அதாவது 200 வாட்டுக்குப் பக்கம். சூடு ஒன்றரை மடங்கு! முதல் நீண்ட ஓட்டத்தில் ஆறு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். 7 டிகிரி. அந்த எண்ணைப் பார்த்து நின்றபோது சந்தோஷமும் வந்தது, போன நான்கு வருடத்தை நினைத்து வயிற்றெரிச்சலும் வந்தது.

ரிலே விஷயத்தில் கவனமாக இருங்கள். இன்ஜின் நின்றதும் அது ஃப்ரிட்ஜைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் இந்த ஹீட்டர் ராத்திரிக்குள் பேட்டரியைக் காலி பண்ணிவிடும். என் மாடலில் 12 வோல்ட்டுக்கு, குளிர் போதுமானதும் நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டும் கிடையாது, ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம், நிறுத்தும்போது மட்டம் முக்கியம். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருக்கிறேன். சாய்ந்த நிலையில் மணிக்கணக்கில் ஓடவிட்டால் உள்ளே திரவம் தேங்கி யூனிட்டே நிஜமாகவே போய்விடும். வண்டி ஓடும்போது குலுங்கிக்கொண்டே போவதால் அந்தப் பயம் இல்லை.

நண்பர் ஏசியையும் இதே பேட்டரியில் ஓட்டலாமா என்று கேட்டார். கூரை ஏசி ஆயிரம் வாட்டுக்கு மேல் கேட்கும். இன்வெர்ட்டர் வழியாக அது 90, 100 ஆம்பியர். 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதை மறந்துவிடலாம்.

சரி, வாங்கலாமா? என் ஃப்ரிட்ஜ் இன்று நன்றாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இருந்தும் என் பதில், வேண்டாம். வண்டி ஓடுவதற்காகத்தான் வாங்குகிறோம். ஓடும்போது இவ்வளவு கவனிப்புக் கேட்கிற பொருளை இன்னொரு முறை நான் வாங்க மாட்டேன். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 50 வாட் அளவில் விட்டு விட்டு ஓடுகிறது, சாய்வைப் பற்றிக் கேட்பதில்லை, பகலில் ஒரு சோலார் பேனலே அதைத் தாங்கும். ராத்திரி லேசாக முனகும், அவ்வளவுதான்.

அந்த வண்டியேதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் வென்ட்டைக் கழற்றச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டு, ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் போட்டு, டெர்மினலில் மீட்டர் வைக்கட்டும். 12-க்குக் கீழே காட்டினால் ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பார்க்கட்டும், மெதுவாக.