கோத்தகிரியில் ஒரு மனநல மருத்துவமனையும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம் உட்கொண்டும் தேறாத என் தம்பியைக் கோத்தகிரியில் உள்ள ஒரு சிறிய மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் அவனை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் எழுதவில்லை.

அதற்கு முன்பே சமவெளியில் ஓர் ஆய்வகம், மனநோய்க்கு உடலின் அழற்சிதான் (இன்ஃப்ளமேஷன்) காரணம் என்று சொல்லி, அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் இன்டர்லியூகின்-6 என்ற புரதம் உட்படப் பல பரிசோதனைகளைச் செய்து, விளக்கம் ஒரு வரிகூட இல்லாத அறிக்கையைக் கொடுத்திருந்தது. அதைப் புரட்டிய மருத்துவர், ரத்தம் எடுத்த அன்று சளி இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்தது. சளியே அந்த அளவுகளை உயர்த்திவிடும் என்பதால், கொடுத்த பணம் அந்தக் கேள்வியோடு போயிற்று.

சளி முற்றிலும் நீங்கிய பிறகு, அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னார். லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று வந்தது. உடற்பருமன், புகைப்பழக்கம், ஈறு நோய் ஆகியவையும் இந்த அளவை உயர்த்தும் என்பதால், முதலில் பல் மருத்துவரிடம் அனுப்பினார். தேயிலைத் தொழிற்சாலையில் அவன் பார்த்துவந்த இரவு ஷிப்டையும் மாற்றச் சொன்னார்.

அழற்சியை அடக்கும் ஊசி போடலாமே என்று நான் கேட்டதற்கு அவர் பொறுமையாக விளக்கினார். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்துக்கு வசப்படாத மனச்சோர்வு கொண்ட 60 பேரிடம் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அத்தகைய ஊசியைச் சோதித்தபோது, மொத்தத்தில் அது ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மருந்தை விஞ்சவில்லை, சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களிடமே பலன் தரும் அறிகுறி தென்பட்டது. அதோடு, உடலில் ஒடுங்கியிருக்கும் காசநோயை அந்த ஊசி கிளப்பிவிடக்கூடும். 2014இல் வந்த வேறோர் ஆய்வில், சி.ஆர்.பி. 1க்குக் கீழே இருந்தவர்களுக்கு எஸ்சிடாலோபிராமும், அதற்கு மேல் இருந்தவர்களுக்கு நார்ட்ரிப்டிலின் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்தும் கூடுதலாகப் பயன்பட்டிருந்தன. இது முடிந்த முடிவன்று என்று எச்சரித்துவிட்டு, நார்ட்ரிப்டிலின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பின்பே அதற்கு மருந்தை மாற்றினார்.

பத்து வாரங்களில் தம்பி தானாகவே எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கினான். மருந்தா, இரவுத் தூக்கமா, ஈறு சிகிச்சையா, எது உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று அவரே கூறியதுதான் எனக்கு நம்பிக்கை அளித்தது.

குறைகளும் உண்டு. வாரத்தில் இரண்டு நாட்கள்தான் மருத்துவர் இருக்கிறார். இரண்டு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ரத்த மாதிரி கோவைக்குப் போய் முடிவு வருவதற்குள் இன்னொரு முறை மலையேற வேண்டியிருக்கிறது. போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.