பள்ளி அணிக்குப் போஸ்டர் செய்யக் கொடுக்கிறீர்களா? பணம் தரும் முன் படியுங்கள்

பள்ளி அணிகளுக்கு விளையாட்டுப் போஸ்டர் வடிவமைத்துத் தருவதாக வேலூரில் விளம்பரம் செய்யும் ஒரு கடை எங்களை ஏமாற்றிவிட்டது. வாலாஜாபேட்டைப் பக்கம் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் கபடி அணிக்காக, முன்னாள் மாணவர்கள் சேர்ந்து திரட்டிய பணம் அது. முழுத் தொகையையும் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கபடியில் களத்தில் 7 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேர். பன்னிரண்டு பேரையும் நல்ல கேமராவில் படமெடுத்து, பெயர்ப்பட்டியலோடு பென் டிரைவில் கொடுத்தோம். வந்த போஸ்டரில் ஏழு பேர் பெரிதாக நிற்க, மற்ற ஐவரும் அடியில் தபால்தலை அளவில் இருந்தார்கள். டெம்பிளேட்டில் அவ்வளவுதான் இடம் என்றார்கள். பள்ளிப் பெயரின் கீழே ‘வேலூர் மாவட்டம்’ என்று வேறு இருந்தது. 2019-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து வாலாஜா இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. யாருடைய பழைய போஸ்டரிலோ பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அதையெல்லாம் திருத்தச் சொல்லலாம். முகங்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் வெளுப்பாக்கி, இணையத்தில் எடுத்த வேறு யாருடைய உடலிலோ பொருத்தியிருந்தார்கள். வெயிலில் மண் தரையில் ஆடிக் கறுத்த பிள்ளைகள் இவர்கள். அந்த நிறமும் அந்தத் தோளும் அவர்கள் உழைத்துப் பெற்றவை. எங்கள் ரைடர் பார்த்துவிட்டு, “இது நான் இல்லையே, அண்ணா” என்றாள்.

அச்சுக்கான கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. நீளம் 1,280 பிக்சல். ஏ3 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் அச்சிட, நீளப் பக்கத்துக்கு ஏறத்தாழ 4,960 பிக்சல் வேண்டும். ஆற்காட்டு அச்சகக்காரர் பெரிதாக்கிக் காட்டியபோது பெயர்களே கலங்கித் தெரிந்தன. திருத்தக்கூடிய மூலக் கோப்புக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். பிறகு எங்கள் அழைப்புகளை எடுக்கவே இல்லை.

இத்தனைக்கும் மேல், பள்ளியையோ பெற்றோரையோ கேட்காமல் அந்தச் சிறுமிகளின் படங்களைத் தங்கள் கடை விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் பாதிக்கு மேல் முன்பணம் தராதீர்கள். மூலக் கோப்பும் விலையில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் எழுத்துகள் சிதறிவிடும் என்பதால் பிடிஎஃப்பாகவும் வாங்குங்கள். பிள்ளைகளின் படங்களை வேறெதற்கும் பயன்படுத்தமாட்டோம் என்று கட்டாயம் எழுதி வாங்குங்கள்.

படங்களை நீக்கச் சொல்லித் தலைமையாசிரியர் கடிதம் அனுப்பியும் இன்றுவரை நீக்கவில்லை. அடுத்து, பெற்றோர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்போகிறார்கள்.