வீட்ல இருக்கிற பாட்டு சர்வரை வெளியூர்லேர்ந்து கேக்க செட் பண்ணித் தரேன்னு சொல்லி 14,500 ரூபாயை வாங்கிட்டு போனாங்க, படிச்சிட்டு போங்க

கோவத்துல டைப் பண்றேன், அங்கங்க தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. நேத்து ராத்திரி வரைக்கும் அந்த கடைக்காரருக்கு போன் போட்டுகினு இருந்தேன், ரிங் போவுது, எடுக்கல.

நமக்கு வேலூர், சத்துவாச்சாரி. வேலை பெங்களூர்ல, திங்கக்கிழமை விடிகாலைல காட்பாடியில ரயில் ஏறினா வெள்ளி ராத்திரிதான் வீடு. எங்க தாத்தா ஆரணி பக்கம் ஒரு கூத்து ஜமாவுல முகவீணை, அதான் நாதஸ்வரம் மாதிரி ஊதற சின்ன வாத்தியம், வாசிச்சவரு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல விடிய விடிய நடக்கிற கூத்தை எங்க நைனா டேப் ரெக்கார்டர் வெச்சி பதிவு பண்ணி வெச்சிருந்தாரு, 90 நிமிஷ கேசட், மொத்தம் 23. போன வருஷம் பூரா லீவு நாள்ல உக்காந்து ஒவ்வொண்ணா ஓடவிட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். பழைய டெஸ்க்டாப்புல உபுண்டுன்ற லினக்ஸ் போட்டு, நம்ம பாட்டை நெட்வொர்க் வழியா கேக்க வைக்கிற நேவிட்ரோம்ன்ற சாப்ட்வேர் வெச்சேன், அது இலவசம், வீட்டு வைஃபைக்குள்ள சூப்பரா ஓடிச்சி. பெங்களூர்ல இருந்து கேக்கிறதுதான் தெரியல. யூடியூப் பாத்து பண்ணலாம்னா ரௌட்டர்ல கைய வெச்சி நெட்டு போயிட்டா அம்மா சீரியல் நின்னுடும்னு பயம், சிரிக்காதீங்க.

டவுன்ல ஒரு கடை. சிசிடிவி கேமரா, நெட்வொர்க் வேலை எல்லாம் செய்றவங்க. பேர் சொல்ல மாட்டேன், கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க. ஓனரே நேர்ல வந்தாரு. அம்மா கொடுத்த மோரை குடிச்சிகினே "இன்னா சார் பாட்டு இது"ன்னாரு, ஒரு பைலை போட்டு காட்டினேன். பின்னாடி மத்தளம், நடுவுல ஏதோ நாய் கொலைக்குது, அப்புறம் தாத்தா முகவீணை எடுக்கிறாரு. அந்த ஆளு கண்ணை மூடிகினு தொடையில தாளம் போட்டாரு. "எங்க ஊர்லயும் கூத்து கட்டுவாங்கண்ணா, இது சொத்துண்ணா, இதை பத்திரமா வெச்சிக்கணும்"னாரு. சார் போயி அண்ணா வந்துடுச்சி. நான் அங்கதான் கவுந்தேன். அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் தலையாட்டினேன்.

கணக்கு இது. ஸ்டேட்டிக் ஐபி, அதாவது வீட்டு நெட்டுக்கு மாறாத அட்ரஸ், ஒரு வருஷத்துக்கு 5,000. செக்யூர் விபிஎன் லைசென்ஸ் 6,500. வேலைக்கூலி 3,000. மொத்தம் 14,500, ஜிபே பண்ணிட்டேன். பில்லு கேட்டதுக்கு வெள்ளைத் தாள்ல பேனாவுல எழுதி கொடுத்தாரு. ஒண்ணரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிது, என் போன்ல வைஃபையை ஆஃப் பண்ணி, "வாண்ணா"ன்னு தெருமுனை பிள்ளையார் கோயில் வரைக்கும் என்னை கூட்டிகினு போய் பாட்டை ஓடவிட்டு காட்டினாரு. தாத்தா பிள்ளையார் கோயில் வாசல்ல நின்னு வாசிக்கிற மாதிரி இருந்திச்சி, எனக்கு கண்ணே கலங்கிடுச்சி. பிரவுசர்ல அட்ரஸ் பக்கத்துல "பாதுகாப்பற்றது"ன்னு காட்டிச்சி, அதையும் கேட்டேனே! "அது லோக்கல் சர்வர்ணா, அப்படித்தான் காட்டும்"னாரு. சரின்னுட்டேன்.

மூணு வாரம் நல்லா கேட்டேன், ரயில்ல கூட. நாலாவது வாரம் பெங்களூர்ல ரூம்ல படுத்துகினு ஆப்பை திறந்தா எந்த பாட்டும் ஓடல. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பாத்தா எல்லா பைல் பேருக்கும் பின்னாடி வாயில நுழையாத ஒரு வால் ஒட்டிகினு இருக்குது, கூடவே பிட்காயின் கட்டு, திறந்து விடறேன்னு ஒரு டெக்ஸ்ட் பைல். நைனா பக்கத்துல நின்னுகினு "இன்னாடா ஆச்சி, பாடலையா"ன்றாரு. அவர்கிட்ட என்னத்தை சொல்றது.

காட்பாடியில இன்ஜினியரிங் படிக்கிற எங்க அக்கா பையன் ஓடி வந்தான். ரௌட்டரை திறந்து பாத்துட்டு தலையில அடிச்சிகினான். அந்த கம்ப்யூட்டரை அப்படியே டிஎம்இசட்ல, அதாவது வெளியிலேர்ந்து வர்ற எல்லாத்தையும் தடுக்காம ஒரே மெஷினுக்கு அனுப்புற ரௌட்டர் செட்டிங்ல, போட்டு வெச்சிருக்காங்க. அப்படின்னா வீட்டுக் கதவு மட்டும் இல்ல, செவுரையே எடுத்துட்ட மாதிரி மாமான்னான். பாட்டுக்கான 4533 போர்ட்டு, அதாவது அந்த ஒரு வாசல் மட்டும் இல்ல, தூரத்துலேர்ந்து கம்ப்யூட்டர்ல லாகின் பண்ற எஸ்எஸ்எச் உட்பட அந்த மெஷின்ல எது திறந்திருந்தாலும் உலகத்துக்கே தெரியும். யூசர் அட்மின், பாஸ்வேர்ட் அட்மின்123, அதையும் மஞ்சள் ஸ்டிக்கர்ல எழுதி டப்பா மேலயே ஒட்டிட்டு போயிருக்காரு புண்ணியவான். லாக் பைலை காட்டினான், எந்தெந்த நாட்டு ஐபிலேர்ந்தோ பாஸ்வேர்ட் போட்டு பாத்துகினே இருந்திருக்காங்க, வரிவரியா, நிமிஷத்துக்கு நாலஞ்சு. அட்மின்123 கண்டுபிடிக்க எவ்ளோ நேரம் ஆவும்.

6,500க்கு விபிஎன் லைசென்ஸ்னாரே, அது என் போன்ல பிளேஸ்டோர்லேர்ந்து இறக்கின ஏதோ ஒரு இலவச விபிஎன் ஆப். அதுக்கும் என் வீட்டுக்கும் சம்பந்தமே இல்ல, அது நம்ம நெட்டை வேற நாட்டு சர்வர் வழியா சுத்தி அனுப்புற சமாச்சாரம். ஸ்டேட்டிக் ஐபி? வாங்கவே இல்ல. ஐபி மாறினாலும் வீட்டை கண்டுபிடிக்கிற, காசில்லாம கிடைக்கிற ஒரு டிடிஎன்எஸ் பேரை போட்டு விட்டிருக்காரு. நெட் கம்பெனிக்கே போன் பண்ணி கேட்டேன், உங்க பேர்ல ஸ்டேட்டிக் ஐபி எதுவும் இல்லீங்கன்னுட்டாங்க. 14,500ல எது உண்மைன்னா அம்மா கொடுத்த மோர் மட்டும்தான் உண்மை.

அப்புறம் ஆரம்பிச்சது அலைச்சல். முதல் போனுக்கு "டெக்னீஷியன் குடியாத்தம் சைட்ல கீறாருண்ணா, சாயங்காலம் அனுப்பறேன்". மறுநாள் அதே டெக்னீஷியன் ஆம்பூர்ல. இவர்தானே என் வீட்டுக்கு வந்தாரு, எந்த டெக்னீஷியன்னு எனக்கு புரியல. மூணாவது நாள் கடைக்கே போனேன், கேமரா வாங்க வந்த ஆளுங்க முன்னாடி "சார், நீங்க பென்டிரைவ் போட்டிருப்பீங்க, அதுல வந்த வைரஸ்"னாரு. அண்ணா போயி மறுபடியும் சார் ஆயிட்டேன் பாருங்க. நெட் கம்பெனி பிரச்சினைன்னாரு. கடைசியா 2,800 கொடுத்தா ஒரு ஆன்டிவைரஸ் போட்டு எல்லா பைலையும் ரெக்கவர் பண்ணலாம்னாரு, 14,500 போதாதாம். வெள்ளைத் தாளை நீட்டினா "இது எஸ்டிமேட்டு சார், பில்லு இல்லியே". வாட்ஸப்ல புளூ டிக் விழுது, பதில் இல்ல.

சரி, டிப்ஸ் தரேன்னு நெனச்சிதான் ஆரம்பிச்சேன், ஆனா கை நடுங்குது, சுருக்கமா சொல்லிடறேன். டிஎம்இசட் போடறேன்னு எவனாவது சொன்னா ரௌட்டரை தொடவே விடாதீங்க. வயர்கார்டுன்னு ஒண்ணு இருக்கு, வெளியூர்லேர்ந்து நம்ம வீட்டு நெட்டுக்குள்ளயே பத்திரமா நுழைய விடற நிஜ விபிஎன், அது இலவசம், 2020லேயே லினக்ஸோட மையமான கெர்னலுக்குள்ள வந்துடுச்சி, சாவி இல்லாதவன் தட்டினா பதிலே சொல்லாது. அதுவும் கஷ்டம்னா டெயில்ஸ்கேல், அதுவும் வயர்கார்டு மேல ஓடறதுதான், சொந்த உபயோகத்துக்கு காசு இல்ல, ரௌட்டர்ல போர்ட்டு திறக்கவே வேணாம், நெட் கம்பெனி நமக்குன்னு தனி ஐபி கொடுக்காட்டியும் ஓடும். அக்கா பையன் இருபது நிமிஷத்துல போட்டு கொடுத்தான், பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், அவ்ளோதான் செலவு. அப்புறம் பேக்கப்பை தனி ஹார்டு டிஸ்க்ல எடுத்து கேபிளை கழட்டி பீரோவுல வைங்க, சொருகியே வெச்சிருந்தா அதையும் சேத்து பூட்டிடுவான். நான் வைக்கல. சைபர்கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி சொன்னேன், சைபர்கிரைம் போர்ட்டல்லயும் பதிவு பண்ணிட்டேன். கடைக்காரர் மேல 1915ல, நுகர்வோர் ஹெல்ப்லைன்ல, புகார் போட்டிருக்கேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் கையில இருக்கு.

வயித்தெரிச்சல் 14,500 மட்டும் இல்ல. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு அம்மா கேசட்டெல்லாம் மூட்டை கட்டி பழைய பேப்பர்காரருக்கு போட்டுட்டாங்க. பரண்ல தேடி ஆறு கிடைச்சிது, ரெண்டுல பூஞ்சை. ஆரணியில பெரியப்பா வீட்டுல நாலஞ்சு காப்பி இருக்கும்னு நைனா சொல்றாரு, ஞாயித்துக்கிழமை போறேன். வீட்ல டேப் டெக் பெல்ட்டு தொங்கிப்போய் சுத்தவே மாட்டேங்குது, வேலூர் பக்கம் பழைய டெக்குக்கு பெல்ட்டு கிடைக்கிற இடம் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, அவசரம்.