டிராக்டர் ஓட்டுநருக்குக் குறைந்த செலவில் நிழல்: சில கோடைகளின் பயன்பாட்டு அனுபவம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் பக்கத்தில் உழவு வேலை குவிவதும் வெயில் உச்சத்துக்குப் போவதும் ஒரே சமயத்தில்தான் நடக்கின்றன. சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்துவிட்டால் ஈரம் காய்வதற்குள் புழுதி ஓட்டிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நாளில் டிராக்டரைக் கேட்பார்கள். பெரும்பாலும் மே 4ஆம் தேதி தொடங்கும் கத்திரியிலும் அந்த வேலை நிற்காது. எங்களிடம் இருப்பது 45 குதிரைத்திறன் கொண்ட, மேற்கூரை இல்லாமல் வாங்கிய டிராக்டர். சில நாள் நான் ஓட்டுகிறேன். பெரும்பாலான நாட்களில் சம்பளத்துக்கு இருக்கும் ஓட்டுநர் ஓட்டுகிறார். அவர் தலைக்கு மேல் எதைப் போடுவது, அதற்கு எவ்வளவு செலவாகும், போட்டது எத்தனை நாள் தாங்கும் என்பவற்றைச் சில கோடைகளாகப் பார்த்ததிலிருந்து எழுதுகிறேன்.

இருக்கைக்குப் பின்னால் குழாய் நட்டுப் பெரிய குடையைச் செருகிக்கொள்வது எல்லாவற்றிலும் மலிவான வழி. நின்ற இடத்தில் ஓடும் கதிரடிக்கும் இயந்திரத்துக்கு அது போதும். டிரெய்லருடன் சாலையில் போகும்போது எதிர்காற்றில் அது மடங்கிவிடுவதால் உழவுக்கும் பாரத்துக்கும் ஒரே வண்டியை வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படாது.

தயாராக விற்கும் கூரைகளில் தார்ப்பாய் போர்த்தியதும் ஃபைபரில் வார்த்ததும் இங்கே கிடைக்கின்றன. தார்ப்பாய்க்கு விலையும் எடையும் குறைவு. ஆனால் வெயில் அதன் இழைகளை மெல்ல மெல்லத் தின்றுவிடும். இரண்டு கோடை கடந்த பின் கம்பியில் உராயும் மூலைகளில் கிழிசல் தொடங்கி, காற்றில் படபடக்கும் ஓசை ஓட்டுநருக்குப் பெரிய தொல்லையாகிவிடும். ஃபைபர் கூரை பார்வைக்கு நன்றாக இருக்கிறது, மழையைத் தாங்குகிறது, இரும்புத் தகட்டைப் போல வெப்பத்தைக் கீழே இறக்குவதில்லை. நாங்கள் விசாரித்தபோது பொருத்துகூலியுடன் 12,000 ரூபாயை ஒட்டிச் சொன்னார்கள். பக்கத்து நிலத்துக்காரரின் வண்டியில் அது ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. போல்ட் துளைகளைச் சுற்றி அதிர்வினால் விரிசல் விட்டாலும், ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து உள்ளூரிலேயே ஒட்டிக்கொள்ள முடிகிறது.

நாங்கள் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டோம். ஒரு அங்குலச் சதுரக் குழாயில் நான்கு கால் சட்டம், அதன்மேல் அலுமினியமும் துத்தநாகமும் பூசிய மெல்லிய இரும்புத் தகடு (கால்வால்யூம்), கூலி உட்பட 7,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு ஆள் தனியாகத் தூக்கி இறக்கத் திணறும் எடை அதற்கு உண்டு. தகடு மட்டும் இருந்த நாட்களில் நிழல் கிடைத்ததே தவிர இதம் கிடைக்கவில்லை. உச்சி வெயிலில் காய்ந்த இரும்பு, தலைக்கு மேலே கவிழ்த்துப் போட்ட தோசைக்கல்லைப் போல அனலைக் கீழே வீசிக்கொண்டிருக்கும். மேற்பரப்புக்கு வெள்ளை வண்ணம் அடித்ததில் ஓரளவு குறைந்தது. அதன்பின் தகட்டுக்குக் கீழே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, நாற்றங்காலுக்குப் போடும், வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் நிழல்வலையை இழுத்துக் கட்டியதும்தான் தெளிவான வேறுபாடு தெரிந்தது. தகடு வெயிலைத் தாங்கிக்கொள்ள, அது உமிழும் அனலை வலை மறிக்கிறது. இடையில் புகும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. இஞ்சின் ஓசை தகட்டில் பட்டு எதிரொலிப்பதும் கொஞ்சம் அடங்கியது. இந்த இரண்டடுக்கு முறையில் வலைக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்தான், பலனோ அதைவிடப் பல மடங்கு. ஆனால் வண்டி சில வாரம் சும்மா நின்றால் அந்த இடைவெளியில் குளவி கூடு கட்டிவிடுகிறது என்பதால், எடுப்பதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பது எங்கள் ஓட்டுநரின் வழக்கமாகிவிட்டது.

எந்தப் பொருள் என்பதைவிட, கூரை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதே நிழலைத் தீர்மானிக்கிறது. எங்கள் ஊர் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் மறுபடி ஆகஸ்ட் இரண்டாம் பாதியிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அப்போது சிறிய கூரைகூடப் போதும். ஆனால் மே மாதத்திலும் காலை ஒன்பது மணிக்குச் சூரியன் 45 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தோளிலிருந்து ஒரு மீட்டர் மேலே கூரை இருந்தால், அந்த வேளையில் தோள் மட்டத்திலேயே நிழல் ஒரு மீட்டர் விலகிவிடும். ஓட்டுநர் வெயிலில்தான் இருப்பார். தை, மாசியில் நண்பகல் வெயிலே தெற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. ஆகவே கூரையைத் தலை இடிக்காத அளவுக்குத் தாழ்த்தி, மட்கார்டுகளின் வெளி விளிம்பு வரை அகலமாக்கி, முன்பக்கம் ஸ்டியரிங்குக்கு அப்பால் ஒரு முழம் நீட்டச் சொல்லுங்கள். பட்டறைக்காரர்கள் தகட்டின் அளவுக்கு ஏற்பச் சட்டத்தைச் சுருக்கப் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. மாலை வெயிலுக்கு, சுருட்டி மேலே கட்டக்கூடிய ஒரு வலைத் திரையைப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். சாலில் திரும்பும்போதெல்லாம் வெயிலின் பக்கமும் மாறுகிறது என்பதால் இரண்டு பக்கமும் திரை வேண்டும். ஆனால் பின்னால் கலப்பையைத் திரும்பிப் பார்ப்பதற்கும் சட்டென இறங்குவதற்கும் அது குறுக்கே வரக் கூடாது.

நீடித்து உழைப்பது முழுக்கப் பொருத்தும் முறையைச் சார்ந்தது. மட்கார்டின் மெல்லிய தகட்டில் நேரடியாக போல்ட் போட்டால், மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர் ஓடும் அதிர்வில் துளை பெரிதாகித் தகடு கிழிகிறது. உள்பக்கம் தடித்த பட்டையைக் கொடுத்து, கால்களின் அடியில் ரப்பர் துண்டும் தானாகத் தளராத நைலாக் நட்டும் போட்டதில் எங்களுடையது தாங்குகிறது. பின்சக்கர அச்சை மூடியிருக்கும் கூட்டில் புதிதாகத் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடக் கூடாது. ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளில் பட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு உழவுப் பருவத்துக்கும் முன்னால் வெல்டிங் மூலைகளைப் பார்ப்பது நல்லது. எங்கள் சட்டத்தில் ஒரு மூலை விட்டுப்போய், குறுக்குப் பட்டை கொடுத்த பிறகுதான் நின்றது.

இந்தக் கூரை நிழலுக்கானது மட்டுமே. கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டுச் சேற்றுழவு ஓட்டும்போது முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் கவிழ்ந்தால், சதுரக் குழாய்ச் சட்டம் நொறுங்கிவிடும். உயிர் காப்பது, அதற்கென்றே வடிவமைத்துச் சோதித்த பாதுகாப்பு இரும்புச் சட்டமும் அதனுடன் சேர்த்து அணியும் இருக்கைப் பட்டையும்தான். சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களில் அத்தகைய இரும்புச் சட்டம் பொருத்துவதைக் கட்டாயமாக்கிவிட்டது. நம் வயல்களில் அது இன்னும் அரிதாகவே காணப்படுகிறது. அப்படிச் சட்டம் உள்ள வண்டியாக இருந்தால் அதில் துளையிடாமலும் வெல்டிங் வைக்காமலும், பற்றுப்பட்டையால் (கிளாம்ப்) பிடிக்கும் இலகுவான ஃபைபர் கூரையைப் போட்டுக்கொள்ளலாம். கூரையால் வண்டியின் உயரம் கூடுவதால் வயலுக்குக் குறுக்கே தொய்ந்து போகும் மின்கம்பிகளின் அடியில் எச்சரிக்கை தேவை.

கூரை காற்றின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. இஞ்சினிலிருந்து முகத்துக்கு வரும் அனலும் கியர் பெட்டியிலிருந்து காலில் ஏறும் சூடும் அப்படியே இருக்கின்றன. எனவே முழுக்கைப் பருத்திச் சட்டையையும் தலைத் துண்டையும் எங்கள் ஓட்டுநர் விடவில்லை. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கச் சட்டத்திலேயே ஒரு வளையம் வைத்துக் கொடுத்திருக்கிறோம். கத்திரியில் விடியற்காலையில் தொடங்கிப் பதினொரு மணிக்குள் நிறுத்துவதையும் மாற்றவில்லை. மாறியது, வேலை அவசரத்தில் அந்த நேரத்தைத் தாண்டிப் போகும் நாட்களில் அவர் தலைவலி என்று உட்காருவது அரிதாகிவிட்டதுதான்.

இன்று புதிதாகச் செய்வதானால் சட்டத்துக்கு இன்னும் சற்றுத் தடித்த குழாயைப் போடுவேன்; மேல் தகட்டையும் வலையையும் மாற்ற மாட்டேன். அடிக்கடி தென்னந்தோப்புக்குள் உழுபவர்களுக்கு மட்டும் என் தேர்வு பொருந்தாது. தாழ்ந்த மட்டைகள் இடித்துத் தகடு நெளிந்துவிடும் என்பதால், நான்கு போல்ட்டில் கழற்றி வைக்கக்கூடிய ஃபைபர் கூரைக்கு அவர்கள் கூடுதலாகச் செலவழிப்பது தகும்.